லண்டனில் தமிழ் முதியோருக்கு ஒரு கெயார் ஹோம்: வீட்டை வாங்குவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

ஹரோவாசி எழுதியது:

வணக்கம். ஹரோ, வெம்பிளிப் பக்கம் தமிழ் பேசும் முதியவர்களுக்கென ஒரு கெயார் ஹோம் தொடங்க ஐந்து குடும்பங்கள் சேர்ந்து யோசிக்கிறோம். எண்பதுகளில் வந்தவர்களே இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். மறதிநோய் வந்தவர்களிடம் பிந்திப் படித்த ஆங்கிலம்தான் முதலில் கைவிட்டுப் போகிறது. கேட்பது தண்ணீரா, ரொய்லெட்டா என்று விளங்காத இடத்தில் அவர்கள் சத்தம் போட்டால், "முரண்டு பிடிக்கிறார்" என்று கோப்பில் எழுதப்படுகிறது.

ஆறு அறைத் தனிவீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பின்பக்கம் நீட்டிக் கட்டினால் 12 அறை எடுக்கலாம். சி.கியூ.சி. (இங்கிலாந்தில் பராமரிப்புச் சேவைகளைப் பதிந்து கண்காணிக்கும் அமைப்பு) பதிவு எந்தக் கட்டத்தில் செய்ய வேண்டும்? 12 பேரோடு கட்டுப்படியாகுமா? வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ ஆட்களை எடுக்கலாமா? சாப்பாடு, சாமியறை விஷயத்தில் சட்டச் சிக்கல் ஏதும் வருமா? துறையில் இருப்பவர்கள் விவரமாகச் சொன்னால் பெரிய உதவி.

பதிவுமேலாளர் எழுதியது:

வீட்டுக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம். முதலில் மேலாளரைத் தேடுங்கள்.

இங்கிலாந்தில் தங்குமிடத்தோடு உடற்பராமரிப்பும் கொடுப்பது 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு தேவைப்படும் வேலை. பதிவில்லாமல் ஒருவரைக்கூட வைத்துப் பார்த்தால் அது குற்றம். நிறுவனத்தைப் பதிவதோடு, பதிவுபெற்ற மேலாளர் ஒருவரையும் சி.கியூ.சி. தனியாக ஏற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு விண்ணப்பமும் ஒன்றாகவே போகும். மேலாளரை நேர்காணலும் செய்வார்கள்: ஒருவர் உடம்பில் காயம் கண்டால் யாருக்கு, எப்போது அறிவிப்பீர்கள், மருந்து தவறினால் என்ன செய்வீர்கள், முடிவெடுக்கும் திறன் ஒருவருக்கு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்று. கடையில் வாங்கிய கொள்கைக் கோப்புகளைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். லெவல் 5 தலைமைத்துவ டிப்ளோமாவும் முதியோர் இல்லத்தில் பொறுப்பான அனுபவமும் உள்ளவரே பொருத்தம். நல்ல நேர்ஸ் என்பதாலோ முதல் போட்டவர் என்பதாலோ ஒருவர் நல்ல மேலாளர் ஆகிவிட மாட்டார். அவர் வரைபடக் கட்டத்திலேயே உங்களோடு இருந்தால், குளியலறைக் கதவு தவறான பக்கம் திறப்பது போன்ற பிழைகளைக் கட்டுவதற்கு முன்பே பிடித்துவிடுவார்.

விண்ணப்பத்தோடு நோக்க அறிக்கை, நிதி நிலைமை பற்றி நிதித்துறையாளர் ஒருவர் தரும் கடிதம், காப்புறுதி, டி.பி.எஸ். எனும் குற்றப் பின்னணிச் சோதனை எல்லாம் வேண்டும். எத்தனை பேர், எந்த வயது, மறதிநோய் உள்ளவர்களையும் எடுப்பீர்களா என்பதை நோக்க அறிக்கையில் தெளிவாக எழுதுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பதிவுக்குப் பிறகு ஆட்தொகைக்கு ஏற்ப ஆண்டுக் கட்டணம் உண்டு. குறையுள்ள விண்ணப்பம் திரும்பி வந்தால் வரிசையில் மறுபடி கடைசிக்குப் போக வேண்டும். அதற்குள் மோட்கேஜ் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது திட்ட அனுமதி. கட்டிடப் பயன்பாட்டுப் பிரிவுகளில் வீடு சி3 வகுப்பு, கெயார் ஹோம் சி2. "ஆறு பேர்வரை அனுமதி தேவையில்லை" என்று ஊருக்குள் ஒரு கதை உலாவுகிறது. அது ஒரே குடும்பம்போல் சேர்ந்து வாழ்வோருக்கான விதி. மாறிமாறி ஷிஃப்டில் ஆட்கள் வந்துபோகும் இல்லத்துக்கு அதை நம்பி இறங்க முடியாது. வாங்கும் ஒப்பந்தத்திலேயே "சி2 அனுமதி கிடைத்தால் மட்டும்" என்ற நிபந்தனையைப் போடச் சொல்லி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

ஆறு அறை வீட்டின் உண்மையான சிக்கல் அளவுகளில் இருக்கிறது. அறைக்கு இவ்வளவு பரப்பு என்று சி.கியூ.சி. இன்று எண் சொல்வதில்லை. ஆனால் 2002இன் பழைய தரநிலையான 12 சதுர மீற்றரை, குளியலறை சேர்க்காமல், பலரும் இன்னும் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். கட்டிலின் இரு பக்கமும் ஆள் நின்று ஹொயிஸ்ற் (ஆளைத் தூக்கும் இயந்திரம்) திருப்ப இடம் வேண்டும். சக்கர நாற்காலி சுழல 1.5 மீற்றர் விட்டம் வேண்டும். படுக்கையறையாக மாற்றும் முன்கூடத்துக்கு இதெல்லாம் கிடைக்கும், மாடியிலுள்ள சின்ன அறைக்குக் கிடைக்காது. லிஃப்டுக்கு ஒரு அறை போய்விடும். மருந்தறை, துணி துவைக்கும் அறை, அழுக்குக் கழுவும் அறை, பணியாளர் அறை என்று கழித்துப் பார்த்தால் உங்கள் 12 அநேகமாக 9 ஆகும்.

தீப்பாதுகாப்பில் கைவைத்துச் சிக்கனம் பிடிக்க வேண்டாம். எல்லா அறையிலும் உணரி உள்ள எல்1 வகை அலாரம், அரை மணி நேரம் தாங்கும் புகைத்தடுப்புக் கதவுகள், ஒரே மாடியில் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பாதுகாப்பான பகுதிக்கு ஆட்களை நகர்த்தும் ஏற்பாடு, ஒவ்வொருவருக்கும் தனி வெளியேற்றத் திட்டம், இவ்வளவும் அடிப்படை. இரவில் இருக்கும் ஆட்களை மட்டும் வைத்து அந்த நகர்த்தல் முடியுமா என்பதே கேள்வி. பகல் ஆட்களை எண்ணி எழுதிய திட்டம் செல்லாது. இங்கிலாந்தில் புதிதாகக் கட்டும் கெயார் ஹோம்களுக்கு 2025 மார்ச் 2 முதல் ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானாக நீர் தெளிப்பது) கட்டாயம். பழைய வீட்டை மாற்றுவதானாலும் வரைபடம் போடும் முன்பே பில்டிங் கொன்ட்ரோலிடம் (கட்டிட விதிகளைச் சரிபார்ப்பவர்கள்) இதைக் கேளுங்கள்.

சுடுநீர்: கொதிகலத்தில் 60 பாகை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லீஜியோனெல்லா எனும் நோய்க்கிருமி வளரும். குளிக்கும் குழாயில் 44ஐத் தாண்டக் கூடாது, தாண்டினால் தோல் வெந்துவிடும். இரண்டையும் ஒருசேரக் காக்க ஒவ்வொரு குளியல் குழாய்க்கும் அருகில் வெப்பநிலைக் கலப்பு வால்வு பூட்ட வேண்டும். நம் ஆட்கள் வாளியில் அள்ளிக் குளிக்க விரும்புவார்கள். அந்த வாளி நிரம்பும் குழாய்க்கும் வால்வு வேண்டும், அதைத்தான் பிளம்பர்கள் விட்டுவிடுவார்கள். ஆள் விழக்கூடிய யன்னல்கள் 100 மில்லிமீற்றருக்கு மேல் திறக்காதபடி தடை, ரேடியேற்றருக்கு மூடி, ஆளைத் தூக்கும் ஹொயிஸ்றுக்கும் லிஃப்டுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். கட்டுப்படியாகுமா என்பதற்கு எண்களைப் போடுகிறேன்.

ஒரு இடத்தில் ஒரு ஆள் 24 மணி நேரமும் நிற்க வாரம் 168 மணி. ஒருவர் 37.5 மணி வேலை செய்தால் 4.5 ஆள். வருடம் 5.6 வார விடுமுறை, நோய், பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஐந்தரை ஆள். ஒரு இடத்துக்கே இவ்வளவு.

12 பேர் இல்லத்தில் காலை 7 முதல் இரவு 9 வரை மூன்று பேர், இரவில் விழித்திருக்கும் இரண்டு பேர் என்று வைப்போம். பகல் 294 மணி, இரவு 140 மணி, மொத்தம் 434. 2025 ஏப்ரலில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுண், அதை வைத்தே கணக்குப் போடுகிறேன். அதன்மேல் விடுமுறைச் சம்பளம், 15 சதவீத முதலாளி தேசியக் காப்புறுதி, பென்ஷன், பயிற்சி சேர்த்துக் குறைந்தது 30 சதவீதம் கூட்டுங்கள். வாரம் ஏறக்குறைய 6,890 பவுண். தலைக்கு 574.

24 பேர் என்றால் பகல் ஐந்து, இரவு மூன்று, மொத்தம் 700 மணி. வாரம் 11,110, தலைக்கு 463. இரண்டிலும் மேலாளர், துணை மேலாளர், சமையல், துப்புரவு, சாப்பாடு, மின்சாரம், கடன் எதுவும் சேரவில்லை. 12 பேர் இல்லத்தில் மேலாளர் சம்பளத்தைப் பன்னிரண்டாகப் பிரிக்க வேண்டும், இரண்டு அறை காலியானால் பத்தாக. என் கருத்தில் 20க்குக் கீழே கடனெடுத்துத் தொடங்குவது ஆபத்து. சம்பளம் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏறும், வசதியில்லாதவர்களுக்காகக் கவுன்சில் (உள்ளூராட்சி) கொடுக்கும் விலை அதே வேகத்தில் ஏறாது.

வற் வரியில் ஒரு பொறி இருக்கிறது. பதிவுபெற்ற பராமரிப்பு வற் விலக்குப் பெற்றது, ஆகவே கட்டிட வேலைக்குக் கொடுத்த வற்றைத் திரும்பப் பெற முடியாது. வீட்டைக் கெயார் ஹோமாக மாற்றும் தகுதியான வேலைக்கு 5 சதவீதம்தான். ஒப்பந்தக்காரர் பழக்கத்தில் 20 போடுவார், வேலை தொடங்கும் முன்பே பேசிச் சரிசெய்யுங்கள்.

யார் காசு கொடுப்பார்கள் என்பதில் நம் சமூகத்துக்கே உரிய சிக்கல்கள் சில. 23,250 பவுணுக்கு மேல் சொத்து இருந்தால் முழுச் செலவும் அவருடையது. 14,250க்குக் கீழே அந்தச் சொத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். நடுவில் ஒவ்வொரு 250 பவுணுக்கும் வாரம் 1 பவுண் வருமானமாகக் கொள்வார்கள். வீட்டில் கணவனோ மனைவியோ, 60 வயதோ அதற்கு மேலோ ஆன உறவினரோ தொடர்ந்து வாழ்ந்தால் வீடு கணக்கில் வராது. பிள்ளைகள் பெயருக்கு வீட்டை எழுதிவிட்டால் தப்பலாம் என்பது பிழை. கட்டணத்தைத் தவிர்க்கச் செய்தது என்று கவுன்சில் கண்டால் சொத்து இன்னும் அவரிடமே இருப்பதாகக் கணக்கிடும். யாழ்ப்பாணத்துக் காணியும் கொழும்பு பிளாட்டும்கூடச் சொத்துத்தான், அறிவிக்க வேண்டும். போட்டிருக்கும் நகையை, கட்டணத்தைக் குறைக்கவென்றே வாங்கியிருந்தால் தவிர, எண்ண மாட்டார்கள்.

பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து வயதான தங்கிவாழ்வோர் விசாவில் வந்த பெற்றோர் என்றால், ஐந்து வருடம் அரச உதவி இல்லாமல் பார்ப்போம் என்று பிள்ளை கையெழுத்திட்டிருப்பார். வருமானம் குறைந்த முதியோருக்கான பென்ஷன் கிரெடிட் அந்தக் காலத்தில் கிடைக்காது. அனுமதிக்கும் முன் விசாக் கடிதத்தைக் கட்டாயம் பாருங்கள். சொந்தக் காசில் இருப்பவருக்கு அற்றென்டன்ஸ் அலவன்ஸ் (பராமரிப்புத் தேவைப்படும் முதியோருக்கான அரச உதவித்தொகை) தொடரும். கவுன்சில் பணம் கொடுத்தால் 28 நாளுக்குப் பிறகு நின்றுவிடும்.

கவுன்சில் விலைக்கும் உங்கள் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்றாம் நபர் கட்டலாம். பல குடும்பங்களில் மூன்று பிள்ளைகள் பங்கு போட்டுக் கட்டுவார்கள், ஒருவர் நிறுத்தியதும் நிலுவை விழும். ஒப்பந்தத்தில் ஒரே ஒருவர் பொறுப்பேற்கட்டும், உள்ளுக்குள் பிரிப்பது அவர்கள் பாடு.

ஹரோவாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அந்த வீட்டை விட்டுவிட்டோம். இயங்கிக்கொண்டிருக்கும் 20, 25 அறை இல்லம் ஒன்றை வாங்குவது பற்றி இப்போது பேசுகிறோம். வேலையாட்கள், சமையலறை பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

இரவுநேர்ஸ் எழுதியது:

ஹரோவாசி, வெளிநாட்டிலிருந்து எடுக்கும் கதவு மூடிவிட்டது. 2025 ஜூலை 22 முதல் பராமரிப்புப் பணியாளருக்கு வெளிநாட்டிலிருந்து புதிய விசா இல்லை. ஏற்கெனவே இங்கே இருப்பவர்களில் நிபந்தனைக்குப் பொருந்துகிறவர்கள் மாறுவதற்கு மட்டும் இடைக்கால வழி உண்டு. மாணவர்கள் தவணைக் காலத்தில் வாரம் 20 மணிக்கு மேல் செய்ய முடியாது. "அவர் தெரிஞ்ச பிள்ளைதானே" என்று விசா பார்க்காமல் வைத்தால் முதல் தடவையே ஆளுக்கு 45,000 பவுண்வரை அபராதம். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட, பகுதிநேர வேலை தேடும் இங்குள்ள தமிழ்ப் பெண்கள்தான் உங்கள் பலம். பாடசாலை நேரத்துக்கு ஏற்ற 9.30 முதல் 2.30 ஷிஃப்ட் ஒன்று போட்டால் வருவார்கள்.

விளம்பரத்தில் "தமிழர் மட்டும்" என்று எழுத முடியாது, அது இனப் பாகுபாடு. "தமிழ் பேசத் தெரிந்திருக்க வேண்டும்" என்று, உள்ளே இருப்பவர்களின் தேவையைக் காட்டி, அந்தத் தேவை உள்ள வேலைகளுக்கு எழுதலாம். இல்லத்தில் இடம் கொடுப்பதும் அப்படியே. தமிழ் அல்லாத ஒருவர் கேட்டால் இனத்தைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது.

தமிழ் பேசும் ஆள் இரவு ஷிஃப்டில் கட்டாயம் இருக்க வேண்டும். பகலில் நான்கு பேர் தமிழ் பேசி, இரவு இரண்டு மணிக்கு எழும்பி "அம்மா எங்கே" என்று தேடும் ஒருவருக்குப் பதில் சொல்ல யாருமில்லை என்றால் இந்த இல்லத்தைத் தொடங்கியதன் பயனே பாதி போய்விடும். விழுவதும் குழம்புவதும் அந்த நேரத்தில்தான் கூட. அதே சமயம் பதிவேடு, மருந்துப் பட்டியல், 999 அழைப்பு எல்லாம் ஆங்கிலத்தில். ஒவ்வொரு ஷிஃப்டிலும் இரண்டிலும் தெளிவாகக் கதைக்கக்கூடிய ஒருவராவது இருக்க வேண்டும்.

"நோகுதோ" என்று கேட்டால் "இல்லைப் பிள்ளை" என்பார்கள், மூட்டு வீங்கியிருந்தாலும். பேச முடியாதவர்களுக்கு அபே நோவு அளவுகோலைப் பாவியுங்கள்: முகம், முனகல், உடம்பசைவு பார்த்துப் புள்ளியிடுவது. "உளையுது", "குத்துது", "எரியுது" மூன்றும் டொக்டருக்கு வெவ்வேறு செய்தி. மூன்றையும் "பெயின்" என்று ஒரே சொல்லில் எழுதாமல் பிரித்து எழுதப் பழக்குங்கள்.

சமையலறை. திறப்பதற்கு 28 நாள் முன் கவுன்சிலில் உணவுத் தொழிலாகப் பதிய வேண்டும், இலவசம். தாளிப்புப் புகைக்குப் பலமான உறிஞ்சி வேண்டும். சமையலறையில் புகை உணரியை விட வெப்ப உணரிதான் பொருந்தும். சோற்றை வடித்து ஒரு மணி நேரத்துக்குள் பரந்த தட்டில் ஆற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் முடிக்க வேண்டும். சூட்டுக்குத் தப்பும் பசில்லஸ் எனும் பக்ரீரியாவின் வித்துகள் அறை வெப்பத்தில் முளைத்து நஞ்சைச் சேர்த்துவிடும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே இரவு முழுக்க வெளியே வைத்த பழஞ்சோறு இல்லத்தில் இல்லை, எவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டாலும். தோசை மா புளிக்க வைப்பதை உணவுப் பாதுகாப்புக் கோப்பில் தனி நடைமுறையாக எழுதுங்கள். அறிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருட்களில் எள்ளும் கடுகும் உண்டு, நம் சமையலில் இவை இல்லாத கறி அபூர்வம். பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும்.

இதைவிட முக்கியம் விழுங்கல். மறதிநோய், பக்கவாதம் உள்ளவர்களுக்கு உணவின் பதத்தை ஐ.டி.டி.எஸ்.ஐ. எனும் சர்வதேச அளவில் விழுங்கல் சிகிச்சையாளர் தீர்மானிப்பார்: 4 வழுவழுப்பான மசியல், 5 நான்கு மில்லிமீற்றருக்கு மேற்படாத ஈரமான துணுக்கு, 6 ஒன்றரைச் சென்ரிமீற்றர் மென்துண்டு. இங்கிலாந்துச் சமையற்காரருக்குக் கொடுக்கும் கையேட்டில் நம் சாப்பாடு இல்லை, நீங்களே பட்டியல் தயாரிக்க வேண்டும். புட்டு உதிரி, உலர்ந்தது, தொண்டையில் சிதறும். வடையும் அப்படியே. இடியப்பத்தில் சொதி ஊற்றினால் இழை ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம்: இரண்டு பதம் ஒன்றாக வாயில் போவது விழுங்கல் குறைந்தவருக்கு மிக ஆபத்து. முருங்கைக்காய்ச் சக்கை, மீன் முள், கறிவேப்பிலை, ஏலக்காய்த் தோல் எல்லாம் எடுத்துவிட வேண்டும். 5ஆம் நிலையில் சோறு பருக்கை பருக்கையாகவும் இருக்கக் கூடாது, களிபோல் ஒட்டவும் கூடாது; கெட்டியான பருப்போடு பிசைந்து, முள்ளுக்கரண்டி இடுக்கால் நீர் வடியாத பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். மசித்த உணவைக் கறி கறியாகத் தனித்தனியே வையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்த பழுப்பு நிறத்தைக் கண்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், எடை குறையும். மாதந்தோறும் நிறுத்து, ஊட்டக்குறைவு ஆபத்தைக் காட்டும் மஸ்ற் புள்ளி போடுங்கள்.

விரதம்: கந்தசஷ்டி ஆறு நாள், வெள்ளிக்கிழமைகள். நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிக்ளசைட் மாத்திரையோ எடுப்பவர் உணவைத் தவிர்த்தால் சர்க்கரை 4க்குக் (லீற்றருக்கு மில்லிமோல்) கீழே விழலாம். விரதத்தைத் தடுக்கச் சொல்லவில்லை. நாட்காட்டியைப் பார்த்து இரண்டு வாரம் முன்பே ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவர்) மருந்தளவைப் பேசி, பால், பழம் என்று மாற்று ஏற்பாட்டைப் பராமரிப்புத் திட்டத்தில் எழுதிவிடுங்கள். உறவினர் கொண்டுவரும் லேகியம், சூரணம் எல்லாமே மருந்துப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

சாமியறையில் எரியும் விளக்கு, கற்பூரம் பற்றித் தீ ஆபத்து மதிப்பீட்டாளரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். பூசை நேரத்தில் மட்டும், பணியாளர் நிற்கும்போது, திரைச்சீலையும் ஒட்சிசனும் இல்லாத அறையில் என்று எழுதி அனுமதிக்கலாம். படுக்கையறைகளில் பற்றரி விளக்கு மட்டும். தோல் கிறீம் ஊறிய உடுப்பு சட்டென்று தீப்பிடிக்கும் என்று மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்திருக்கிறது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: நல்லெண்ணெய் முழுக்குக்குப் பிறகு துவாயைச் சரியாகத் துவைக்காமல் உலர்த்தி இயந்திரத்தில் போட்டு, சூட்டோடு மடித்து அடுக்கினால், தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். எண்ணெய்த் துவாய்களைத் தனியாக, சவர்க்காரம் கூடப் போட்டு, உயர் சூட்டில் துவைத்து, ஆறிய பிறகே அடுக்க வேண்டும்.

பதிவுமேலாளர் எழுதியது:

இரவுநேர்ஸ் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மூத்த மகன் சொன்னால் முடிந்தது என்பது நம் வழக்கம், சட்டம் அப்படியில்லை. பதிவுசெய்த நிலையான அதிகாரப் பத்திரம் (தனக்காக முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமிப்பது) இல்லாத பிள்ளைக்குத் தாய்க்காக முடிவெடுக்கும் உரிமை கிடையாது. சொத்துக்கு ஒன்று, உடல்நலத்துக்கு ஒன்று என்று இரண்டு பத்திரம். தாய்க்கு விளங்கும் திறன் இருக்கும்போதே எழுத வேண்டும். திறனை மதிப்பிடும்போது மொழிபெயர்ப்புக்குப் பிள்ளையை வைக்காதீர்கள், வெளி ஆள் வேண்டும். வாசற்கதவில் எண் பூட்டு போட்டு, ஒருவரை வெளியே விடாமல் எந்நேரமும் பார்த்துக்கொண்டால், அவர் அதற்குச் சம்மதிக்கும் திறன் இல்லாதவர் என்றால், கவுன்சிலிடம் சுதந்திரக் கட்டுப்பாட்டு அனுமதி பெற வேண்டும். அவசரத்துக்கு நீங்களே ஏழு நாள் போடலாம், முறையான அனுமதி அதிகபட்சம் 12 மாதம்.

இயங்கும் இல்லத்தை வாங்குவதில் இரண்டு வழி. வியாபாரத்தை மட்டும் வாங்கினால் விற்பவரின் பதிவு உங்களுக்கு வராது. நீங்கள் புதிதாகப் பதிய வேண்டும், அவர் ரத்துச் செய்யும் நாளும் உங்கள் பதிவு தொடங்கும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டும். கம்பனியின் பங்குகளை வாங்கினால் பதிவு கம்பனியோடு தொடரும், இயக்குநர், நியமிக்கப்பட்ட பொறுப்பாளர் மாற்றத்தை அறிவிக்க வேண்டும். ஆனால் பழைய கடன், வழக்கு, வரி எல்லாம் சேர்ந்தே வரும். எந்த வழியானாலும் பணியாளர்கள் அதே நிபந்தனைகளோடு உங்களிடம் தொடர்வார்கள். தமிழ் தெரியாது என்று அவர்களை அனுப்ப முடியாது, அனுப்பவும் வேண்டாம். இடத்தின் நடைமுறை தெரிந்தவர்கள் அவர்கள்.

உள்ளே ஏற்கெனவே வாழ்பவர்களுக்கு அதுதான் வீடு. ஒரே நாளில் தமிழ் இல்லமாக மாற்ற முடியாது. ஒரு தளத்தைத் தமிழ்த் தளமாக வைத்து, காலியாகும் அறைகளை நிரப்பிக்கொண்டு, இரண்டு சமையலும் ஓடவிடுங்கள். விற்பவரிடம் கடைசி மூன்று சி.கியூ.சி. அறிக்கை, 12 மாத ஏஜென்சிப் பணியாளர் செலவு, தீ ஆபத்து மதிப்பீடு, அஸ்பெஸ்ரஸ் பதிவேடு, ஹொயிஸ்ற், லிஃப்ட் சோதனைச் சான்று கேளுங்கள். ஏஜென்சிச் செலவு மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால், ஆட்கள் ஏன் போகிறார்கள் என்று இப்போதைய மேலாளரிடம் தனியாகக் கதைத்துத் தெரிந்துகொண்ட பிறகு விலை பேசுங்கள்.